விகடகவியும் நம் எழுத்தும்

'விகடகவி' என்று எழுதி, கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்து நோக்கிப் படித்துப் பாருங்கள். அப்போதும் விகடகவியே வரும். தெனாலிராமனுக்குக் காளி தந்த பட்டம் இது என்று கதை சொல்லுவார்கள். சிறு பிள்ளையும் அறிந்த வேடிக்கை. இந்த வேடிக்கையைப் பற்றி நம் மாணவர் மன்ற இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும்.

இருக்கிறது, நண்பர்களே! நாம் தமிழ் பேசுகிறோம், தமிழில் வாதிடுகிறோம், மேடை கிடைத்தால் மணிக்கணக்கில் முழங்கவும் செய்கிறோம். ஆனால் தமிழ் எழுத்து நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. அது எவ்வளவு நழுவிவிட்டது என்று அளந்து பார்க்க இந்த வேடிக்கையைவிட நல்ல அளவுகோல் ஒன்றை நான் கண்டதில்லை. ஆகவேதான் எழுதுகிறேன்.

முன்னும் பின்னும் ஒன்றாகவே வரும் செய்யுளை நம் முன்னோர் 'மாலைமாற்று' என்றனர். மாலையை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் மாலைதானே! தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் கோமூத்திரி, நாகபந்தம், சக்கரம் முதலியவற்றோடு மாலைமாற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, ஏழாம் நூற்றாண்டில், சீகாழியில் தோன்றிய திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இம்முறையில் பாடிவிட்டார். மூன்றாம் திருமுறையில் 'திருமாலைமாற்று' என்ற பெயரோடு அது நிற்கிறது. பதினொரு பாட்டு, பாட்டுக்கு இரண்டடி. முதலிலிருந்து கடைசிக்குச் சென்றாலும் கடைசியிலிருந்து முதலுக்கு மீண்டாலும் பாட்டு மாறாது. அதன் முதற் பாட்டை எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்தேன். அடிக்கு 14 ஆக 28 எழுத்து. அத்தனையும் நெடில். புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை.

இது எப்படி முடிந்தது? தமிழில் ஓரெழுத்தே ஒரு சொல்லாக நிற்கும். நன்னூல் அத்தகைய சொற்களை 42 என்று கணக்கிடுகிறது. அவற்றுள் 40 நெடில். ஆ என்றால் பசு. கா என்றால் சோலை. கோ என்றால் அரசன். தீ, பூ, வா, போ என்று அன்றாடம் நாம் வழங்குவனவும் அந்தக் கணக்கில் அடங்கும். ஓரெழுத்துச் சொல்லைத் திருப்பினாலும் அதே சொல்தான். மாலை கட்டுவோனுக்குப் பூவைக் காம்பு கிள்ளி எடுத்துவைத்தாற்போல, மாலைமாற்றுப் பாடுவோர்க்குத் தமிழே சொற்களை எடுத்துவைத்திருக்கிறது.

புலவர்க்கு மட்டும் உரிய ஆட்டமும் அன்று இது. தாத்தா, பாப்பா, காக்கா, கைரேகை, குடகு, வினவி, இலங்கைத் தமிழர் நாளைக் குறிக்க எழுதும் 'திகதி' இவையெல்லாம் மாலைமாற்றுத்தான். வள்ளுவர் கல்வியதிகாரத்தை எந்தச் சொல்லால் தொடங்கினாரோ அந்தக் 'கற்க' என்பதும் அப்படியே. பாலக்காட்டு நண்பர்கள் கல்பாத்தித் தேரைக் கண்டவர்கள். 'தேரு வருதே' என்பதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அந்த ஊர் அக்கிரகாரங்களில் 'போதும்' என்பதைப் 'போரும்' என்பர். பந்தியில் பரிமாறுகிறவர் 'மோரு போருமோ?' என்று கேட்டால், அவர் அறியாமலே ஒரு மாலைமாற்றைச் சொல்லிவிட்டார். எங்கள் இடுக்கி மலையில் தேயிலைக் காட்டுக்குள் யானை வந்து நிற்பது வழக்கம். அதைப் பார்க்க ஓடும் பிள்ளைகளைத் தடுக்க 'யானை பூனையா?' என்று அதட்டினால் போதும், அதுவும் மாலைமாற்று.

சித்திரகவியெல்லாம் வெறுங் கழைக்கூத்து, அதில் கவிதை இல்லை என்பார் சிலர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. எழுத்துக் கட்டுக்காகப் பொருளை முறுக்கிய பாட்டுகள் ஏராளம். உரையாசிரியர் துணையின்றி அவற்றுள் நுழைய முடியாது. நம் காலத்துக் கவிஞர்கள் இப்படிப் பாட வேண்டுமென்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் தேகப் பயிற்சி செய்பவனைப் பார்த்து, 'இத்தனை தண்டால் எடுத்தாயே, எந்த மூட்டையைச் சுமந்தாய்?' என்று யாரும் கேட்பதில்லை. மாலைமாற்று எழுத்துக்குப் பயிற்சி. 1903-இல், முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்த பரிதிமாற்கலைஞர் அந்தக் குறுகிய வாழ்நாளிலும் 'சித்திரக்கவி விளக்கம்' என்றொரு நூலை எழுத நேரம் கண்டார் என்றால், அவர் அதை வெறும் விளையாட்டாக எண்ணியிருக்க மாட்டார்.

இனி நம் எல்லைப்புறத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இருபுறமும் ஒன்றாக வரும் சொற்களைக் கேட்டால் பொது அறிவுப் போட்டிக்காரர்கள் உடனே சொல்லும் பெயர் ஒன்று உண்டு. அது 'மலையாளம்'. எம், ஏ, எல், ஏ, ஒய், ஏ, எல், ஏ, எம். ஒன்பது எழுத்து, இடமிருந்தும் வலமிருந்தும் ஒன்றே. உலகிலேயே ஒரு மொழியின் பெயர் இப்படி அமைந்தது அதிசயம் என்று சொல்லி மகிழ்வார்கள்.

அந்தப் பெயரை அதற்குரிய எழுத்திலே எழுதிப் பாருங்கள். மலையாளத்தில் ம, ல, யா, ள, அதன்பின் ஒரு சிறு வட்டமாகிய அனுஸ்வாரம். திருப்பினால் அது சொல்லாகவே நிற்காது. தமிழில் எழுதித் திருப்பினால் 'ம்ளயாலைம' என்று நாவைக் கடிக்கும் ஓர் ஒலிக்கூட்டம் வரும். அப்படியானால் அந்த அதிசயம் எங்கிருந்து வந்தது? லகரம் வேறு, ளகரம் வேறு என்பது அழிந்து இரண்டும் ஓர் 'எல்' ஆயின. குறில் வேறு, நெடில் வேறு என்பது அழிந்து எல்லாம் ஓர் 'ஏ' ஆயின. இத்தனையையும் இழந்த பிறகே அந்த மாலைமாற்று பிறந்தது. தன் எழுத்தில் இல்லாத அழகை இரவல் எழுத்தில் பெறுவதற்கு அந்தப் பெயர் கொடுத்த விலை தன் எழுத்தே!

இப்போது விகடகவியை எதிர்வழியில் அனுப்புவோம். அதை ஆங்கில எழுத்தில் எழுதித் திருப்பினால் 'இவகடகிவ்' என்று வரும். விகடகவி செத்தான்! தேரு வராது, மோரும் போராது. ஆங்கில எழுத்து ஒலியை உயிராகவும் மெய்யாகவும் பிளந்து வரிசையாக அடுக்குகிறது. நம் எழுத்தில் உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் என்று ஒன்றாகிறது. 'வி' என்பது நமக்கு ஓர் எழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டு. நாம் மாலையில் பூவைத் தொடுக்கிறோம். அவர்கள் இதழைப் பிய்த்து அடுக்குகிறார்கள்.

ஜப்பானியரின் கானா எழுத்தும் நம் உயிர்மெய் போல் அசைக்கு ஓர் எழுத்தாக அமைந்தது. 'மூங்கில் தோப்பு எரிந்தது' என்னும் பொருளில் அவர்கள் சொல்லும் 'தகே யபு யகேத' என்னும் தொடர் கானாவில் இருபுறமும் ஒன்றே. ஆங்கில எழுத்தில் எழுதினால் அதுவும் குலைந்துவிடும். நம் மன்றத்தில் கணினி பயிலும் நண்பர்கள் பலர் உண்டு. அவர்கள் விகடகவியைத் தமிழிலேயே தட்டி, குறிகளைத் திருப்பிப் போடும்படி கணினிக்குக் கட்டளையிட்டுப் பார்க்கட்டும். ஒருங்குறியில் 'வி' என்பது வகரமாகவும் இகரக் கொக்கியாகவும் இரண்டாகப் பதிவாகிறது. திருப்பும்போது கொக்கி வகரத்தைவிட்டுப் பிரிந்து தனியே தொங்கும். 'எழுத்து என்பது எது?' என்று தமிழறிந்த ஒருவர் சொல்லிக் கொடுத்தாலன்றிக் கணினிக்கும் தெரியாது.

எழுத்தின் இலக்கணம் மொழிக்கு மொழி வேறுபடும் என்பதை எல்லைப்புறத்தில் பிறந்த நாம் அறிவது போல் மற்றவர் அறிவது அரிது. மலையாளத்தில் கத்தரிக்கோலுக்குக் 'கத்ரிக' என்று பெயர். அவர்கள் எழுத்தில் அது மூன்றே எழுத்து: க, த்ரி, க. கிரந்தத்திலிருந்து வளர்ந்த அவ்வெழுத்தில் மெய்யும் மெய்யும் சேர்ந்தால் ஒரே கூட்டெழுத்தாகிவிடும். ஆகவே கத்ரிக அங்கே மாலைமாற்று. நாமோ தகர மெய்க்குப் புள்ளி வைத்துத் தனியே நிறுத்துகிறோம்; க, த், ரி, க என்று நான்காகிவிடுகிறது; மாலை அறுந்துவிடுகிறது. 'நயன' என்னும் பெண்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் முதலிலும் கடைசியிலும் ஒரே எழுத்து. எனவே அது இருபுறமும் ஒன்று. தமிழில் முதலில் தந்நகரம், கடைசியில் றன்னகரம். எனவே மாலைமாற்று ஆகாது. விகடகவியோ இரண்டு மொழியிலும் பழுதின்றி நிற்கிறான். அக்காள் தங்கை இருவர்க்கும் எது பொது, எது தனி என்பதை இந்த மூன்று சொற்கள் காட்டிவிடுகின்றன. பாலக்காட்டிலோ தேவிகுளத்திலோ இரண்டு எழுத்தும் கற்று வளரும் பிள்ளைக்கு இந்தக் கண் தானே திறக்கும். அது பெரும் பேறு. மலையாளம் கற்பதைச் சுமையாக எண்ணுவோரோடு நான் சேரமாட்டேன். இரண்டாவது எழுத்து வரும்போது முதலாவது போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

போகிறதா என்று கேட்பீர்கள். நான் கண்டதைச் சொல்கிறேன். நான் தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். சென்ற ஓண விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் லயத்துக்குப் போகும் பாதை மழையில் அரித்துப் போய்க் கிடந்தது. அதைச் செப்பனிடக் கோரி ஓர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். தேநீர்க் கடையில் கல்லூரி மாணவர் மூவர் கூடினர். மூவரும் வீட்டில் தமிழே பேசுகிறவர்கள், பேச்சில் புலிகள். ஒருவர் கைப்பேசியை எடுத்து ஆங்கில எழுத்திலே தமிழை அடித்தார். அது 'லயத்துக்குப் போகும் வலி' என்று தமிழாக்கிக் காட்டியது. வழியா, வலியா, வளியா? 'ழி' எது, 'ளி' எது என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். 'இங்கிலீஷிலேயே கொடுத்துடலாம்டா' என்றார் ஒருவர். கடையின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு தாத்தா, 'அந்தக் காகிதத்தை இப்படிக் கொடுப்பா' என்று வாங்கி, பிழையின்றி அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. வாழ்நாளெல்லாம் கவாத்து வெட்டியவர். அந்த மாணவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஆங்கில வழியில் பயின்றவர்கள். தமிழை ஒரு பாடமாகவும் தொடராதவர்கள். அவர்களுக்குத் தமிழ் செவியில் இருக்கிறது; கண்ணிலும் கையிலும் இல்லை.

1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாறியபோது குமரி மாவட்டத்தின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. கொச்சி அரசில் இருந்த சித்தூர் வட்டத்துத் தமிழரும் கேரளத்தவர் ஆயினர். அந்தப் பழைய வழக்கை மீண்டும் தொடுக்க இக்கட்டுரையில் இடமில்லை. இருக்கும் உரிமையை எண்ணிப் பார்ப்போம். அதே 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினர் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1969-இல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தந்தது. தமிழில் மனுக் கொடுக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த மனுவை எழுதும் கை எங்கே? தேநீர்க் கடைத் தாத்தாவுக்குப் பின் யார்? உரிமையைப் பிறர் பறித்தால் போராடலாம். நாமே எழுதத் தெரியாமல் விட்டுவிட்டால் யாரோடு போராடுவது?

'தமிழ்தான் எழுதுகிறோமே, எந்த எழுத்தில் எழுதினால் என்ன?' என்று வாதிடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. விரைவு, வசதி, எல்லார்க்கும் புரியும் என்று காரணங்களும் சொல்வார்கள். அவசரத்துக்கு இரண்டு வரி அப்படி அனுப்புவதால் தமிழ் அழிந்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவசரமே பழக்கமாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அந்த ஒன்பதெழுத்துப் பெயரே சான்று. முதலில் லகர ளகரம் ஒன்றாகும். பின் குறில் நெடில் ஒன்றாகும். பின் பலியும் பழியும் ஒன்றாகும். வலியும் வழியும் ஒன்றாகும். 'எல்லாம் இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்' என்பது பேச்சுக்குப் பொருந்தும். மனுவுக்கும் பத்திரத்துக்கும் பாட்டுக்கும் பொருந்துமா? இன்று கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு வாரம் பழகினால் கை வசமாகும். வசதி இல்லை என்று சொல்லிய காலம் போயிற்று.

எழுத்தைப் போற்றக் கற்றுக்கொள்ள நாம் தொலைவு போக வேண்டியதில்லை. சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சன் குருமடம் இருக்கிறது. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தை அங்கே கழித்தார் என்பது மரபு. அவர் பெயரைப் பாருங்கள்: எழுத்து, அச்சன். எழுத்தைக் கற்பித்தவரைத் தந்தை என்று அழைத்த மண் அது. விசயதசமி நாளில் பிள்ளைகளை மடியில் அமர்த்தி அரிசியில் விரல் பிடித்து எழுதச் செய்யும் வழக்கம் கேரளம் எங்கும் உண்டு. அதற்கு அவர்கள் 'எழுத்தினிருத்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்து என்பது நமக்கும் அவர்களுக்கும் ஒரே சொல். அண்டை வீட்டார் அதைக் கொண்டாடும்போது நாம் நம் எழுத்தை ஏன் கைவிட வேண்டும்?

ஆகவே நம் மன்றத்துக்கு மூன்று செய்திகளை முன்வைக்கிறேன். மன்றத்தின் அறிவிப்பும் அழைப்பும் கைப்பேசிச் செய்தியும் இனித் தமிழ் எழுத்திலேயே வரட்டும். படிக்கத் தயங்கும் உறுப்பினருக்கு அருகில் இருப்பவர் படித்துக் காட்டட்டும். பத்து முறை கேட்டவர் பதினோராம் முறை தாமே படிப்பார். அடுத்து, பொங்கல் விழாவில் பேச்சுப் போட்டியோடு மாலைமாற்றுப் போட்டி ஒன்றும் வையுங்கள். பேச்சுப் போட்டி நாவைத் தீட்டுகிறது. எழுத்தைத் தீட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை. பொருள் உள்ள மாலைமாற்றுத் தொடர் ஒன்று, ஐந்தெழுத்துக்குக் குறையாமல், கையால் எழுதித் தர வேண்டும் என்று விதி வைத்தால் போதும். நானும் ஒன்று கட்டிப் பார்த்தேன். பாலக்காட்டு வீடுகளில் மாங்காய்ப் பிஞ்சு வரும் பருவத்தில் கேட்கும் பேச்சு அது: 'மாவடு போடுவமா?' திருப்பிப் படியுங்கள். இதைவிட நல்லவை உங்களுக்கு வரும்.

மூன்றாவதுதான் முதன்மையானது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் ஒவ்வொருவரும் நம் லயத்திலோ தெருவிலோ நான்கு பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு மணி நேரம் இந்த ஆட்டம் ஆடுவோம். இலக்கணம் என்று சொன்னால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். 'பாப்பாவைத் திருப்பிப் போடு' என்றால் ஓடி வருவார்கள். பாப்பாவில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். இரண்டு என்பான் ஒருவன்; மூன்று என்பாள் ஒருத்தி. 'நடுவில் புள்ளி வைத்தது யார்?' என்று சண்டை வரும். அந்தச் சண்டையில் மெய்யெழுத்து விளங்கிவிடும். வலியையும் வழியையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் லகர ழகரம் விளங்கிவிடும். கரும்பலகை வேண்டாம், திண்ணையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும்.

எங்கள் மலையில் தமிழின் நிலையைச் சொல்லவும் ஒரு மாலைமாற்று உண்டு: 'தேயுதே'. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் தேய்வுதான். அதன் நடுவெழுத்து ஒன்றை மட்டும் மாற்றினால் 'தேயாதே' என்றாகிறது, அதுவும் மாலைமாற்றே. அந்த ஓர் எழுத்தை மாற்றி எழுத எழுத்துத் தெரிந்த ஒரு கை வேண்டும். அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும், நண்பர்களே!